ஆறாம் கட்டிலின் ஹேண்ட்ஓவர்

மணி ஒன்றே முக்கால் ஆனதும் வாட்ச்மேன் கையைத் தட்டிக்கொண்டே வார்டுக்குள் வந்தான். "கூட இருக்கிறவங்க எல்லாம் வெளிய வாங்க. ஹேண்ட்ஓவர் டைம், நர்ஸுங்க டியூட்டி மாறுறாங்க. ரெண்டேகாலுக்கு மேல உள்ள வரலாம்." பத்துக் கட்டில்களின் பக்கத்திலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். செருப்பைத் தேடினார்கள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள், ஆட்டு மந்தை மாதிரி கதவைப் பார்த்து நடந்தார்கள். ஆறாம் கட்டிலின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாய்லர்காரர் மட்டும் அசையவில்லை.

வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அந்தத் தொழிற்சாலையே இப்போது இல்லை. இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. யாரையும் லேசில் நம்பாத மனிதர். கடையில் எண்ணெய் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் போர்டைப் பார்த்தது போதாமல் கண்டக்டரிடமும் கேட்பார், கண்டக்டர் சொன்ன பிறகு பக்கத்து சீட்காரரிடமும் கேட்பார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டே நாளில் அவர் கேட்காத கேள்வி இல்லை. விரிப்பை மாற்றினார்களா, ஊசி புதுசா, பாட்டிலிலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு இறங்க வேண்டும், ஏன் பக்கத்துக் கட்டிலுக்கு வேகமாக இறங்குகிறது. நர்ஸ்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது அவருக்கே தெரியும்.

"போங்களேன்," என்றாள் மனைவி. பித்தப்பைக் கல்லை எடுத்த தையல் வயிற்றில் இருந்ததால் குரலைப் பாதியிலேயே விட்டாள். "காலைலேர்ந்து மூணு பேரோட சண்டை போட்டாச்சு. நாலாவதா இவன் வேறயா?"

"நான் சண்டையா போடறேன்? கேள்வி கேக்கறேன்."

"நீங்க கேள்வி கேட்டாலே எதிராளிக்கு ரத்தக்கொதிப்பு வருது."

ஏழாம் கட்டில் பெண்மணி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததில் தன் தையலும் வலிக்க, "ஐயோ அக்கா, சிரிக்க வைக்காதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாய்லர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது.

காலை எட்டு மணிக்கு அந்தக் குப்பியிலிருந்துதான் மருந்தை உறிஞ்சி மனைவியின் மணிக்கட்டில் செருகியிருந்த குழாய் வழியாக ஏற்றினார்கள். வலிக்கு என்றார்கள். முந்தின நாள் ஆபரேஷன் முடிந்து ஒரு தரம் போட்டபோது கழுத்தில் லேசாக அரித்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று போட்ட அஞ்சாவது நிமிஷம் உடம்பெல்லாம் தடித்தடியாக எழும்பியது. உதடு வீங்கியது. "மூச்சு... மூச்சு" என்றவள் அதற்கு மேல் சொல்லவில்லை. காலை நர்ஸ் நல்ல பெண்தான். ஓடி வந்து வேறொரு ஊசி போட்டாள், டாக்டரைக் கூப்பிட்டாள், மூக்கில் காற்றுக் குழாயை மாட்டினாள். அரை மணி நேரத்தில் உயிர் திரும்பி வந்த மாதிரி முகம் தெளிந்தது. டாக்டர் ஆபரேஷன் உடுப்போடு வந்து பார்த்தார். "இந்த மருந்து இனிமே இவங்களுக்குப் போடக்கூடாது, எழுதிடுங்க" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுத் திரும்ப ஆபரேஷன் அறைக்கே போனார். "மருந்து ஒத்துக்காதவங்களுக்குக் கையில சிவப்புப் பட்டை கட்டணும் ஐயா, இங்க தீந்துபோச்சு. மேல் மாடியிலேர்ந்து வந்ததும் கட்டிடறேன், ஃபைல்லயும் எழுதிடறேன்" என்றாள் காலை நர்ஸ். சொன்னபோது மணி ஒன்பது. அதற்குப் பிறகு மூன்று புதுக் கேஸ்கள் வந்தன. பட்டை வரவில்லை. எழுதினாளா என்று அவர் பார்க்கவில்லை. ட்ரேயில் கிடந்த காலிக் குப்பியை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஊசி நாலு மணிக்கு.

"பெரியவரே, உங்களுக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா?" என்றான் வாட்ச்மேன்.

"தம்பி, ஹேண்ட்ஓவர்னா என்னன்னு எனக்கு நீ சொல்ல வேணாம். அந்த நேரத்துலதான் நான் இங்க இருக்கணும்."

"ரூல்ஸ் அது இல்ல. எழுந்திருங்க."

மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். எழுந்தார்.

ஹேண்ட்ஓவர் என்ற சொல் அவருக்குப் புதிதில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவருக்கு இங்கிலீஷில் அர்த்தத்தோடு தெரிந்த வார்த்தைகள் முப்பது தேறினால் அதிகம். அதில் இதற்குத்தான் முதல் இடம். முப்பத்தோரு வருஷம், நாளைக்கு இரண்டு தரம், வரும்போது ஒன்று போகும்போது ஒன்று என்று வாயில் புழங்கிய வார்த்தை. மற்ற இடங்களிலும் அதைக் கேட்டிருக்கிறார். வீடு கட்டிய மேஸ்திரி சாவியைக் கொடுத்தபோது 'ஹேண்ட்ஓவர் பண்ணிட்டேன்' என்றான்; அடுத்த வாரமே கூரை ஒழுகியது, ஆளைக் காணோம். ரிட்டையர் ஆன அன்று ஆபீஸில் தொப்பியையும் பூட்ஸையும் அடையாள அட்டையையும் மேஜைமேல் வாங்கி வைத்துக்கொண்டு, 'எல்லாம் ஹேண்ட்ஓவர் ஆச்சா?' என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கொடுப்பவனும் வாங்குபவனும் நிமிர்ந்து பார்க்காமலே முடித்துவிடுகிற காரியம் என்று பெரும்பாலான பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவன் தலை வெளியே போய்விடும், வாங்கினவன் மனசு இன்னும் உள்ளே வந்திருக்காது, அந்த இடைவெளியில் பொருள் யார் கையிலும் இருக்காது. பாய்லர் ரூமில் வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த இடைவெளி எத்தனை அகலம் என்று தெரியும்.

அவர்களுடைய பழைய ஃபோர்மேன் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். போகிறவன் தண்ணீர் வால்வின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருகிறவன் வந்து அதே சக்கரத்தில் கை வைக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, கோளாறு என்ன என்று போகிறவன் மூன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவன் மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முதல் ஆள் கையை எடுக்கலாம். கல்யாணத்தில் கூட இவ்வளவு இல்லை என்று புதுசாக வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். ஃபோர்மேன் சிரிக்க மாட்டார். "கேட்டியான்னு நான் கேக்கல, சொல்லுன்னு கேக்கறேன்" என்பார்.

வராந்தாவில் பெஞ்சு நிறைந்துவிட்டது. பாய்லர்காரர் வார்டுக் கதவில் பதித்திருந்த வட்டக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். பின்னால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போன இரண்டு ஆட்களில் ஒருவன் மற்றவனிடம், "நாலாவது மாடி பாடி ஹேண்ட்ஓவர் ஆயிடுச்சா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல, மகன் வரணும்" என்றான் மற்றவன், பார்சல் விஷயம் மாதிரி. அந்த வார்த்தையை இப்படியும் சொல்வார்கள் என்பது பாய்லர்காரருக்குத் தெரியாததில்லை. இன்றைக்குக் காதில் விழாமல் இருந்திருக்கலாம்.

கண்ணாடி வழியாக வார்டு முழுசாகத் தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. காலை நர்ஸும் மதிய நர்ஸும் முதல் கட்டிலில் ஆரம்பித்தார்கள். மதிய நர்ஸ் வயதில் மூத்தவள், கண்ணாடி போட்டவள், நடையில் அவசரமில்லை. காலை நர்ஸ் ஃபைலைப் பிரித்துச் சொல்ல, அவள் தலையை ஆட்டினாள். இரண்டு, மூன்று. நாலாம் கட்டிலில் இருவரும் குனிந்து காயக்கட்டைப் பார்த்தார்கள். அஞ்சு. பாய்லர்காரர் வாயசைவை எண்ணிக்கொண்டிருந்தார், ஏதோ பிரஷர் முள்ளைப் பார்க்கிறவர் மாதிரி. ஆறு. காலை நர்ஸ் மனைவியின் கட்டில் கால்பக்கம் வந்து ஃபைலைக் கையில் எடுத்தாள், வாயைத் திறந்தாள்.

அப்போது ஒன்பதாம் கட்டிலில் ஒருத்தி எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறாள். பாட்டில் தொங்கிய கம்பி சாய்ந்து தரையில் விழுந்தது. விழுந்த ஓசை கதவைத் தாண்டி வெளியே கேட்டது. காலை நர்ஸ் ஃபைலைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஓடினாள். மதிய நர்ஸும் ஓடினாள். தூக்கி உட்கார வைத்து, ரத்தம் துடைத்து, கம்பியை நிமிர்த்த நாலைந்து நிமிஷம் பிடித்தது. பிறகு இருவரும் வரிசைக்குத் திரும்பினார்கள். மதிய நர்ஸ் ஆறாம் கட்டில் ஃபைலை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். காலை நர்ஸ் ஏழாம் கட்டில் ஃபைலை எடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

"விட்டுட்டாங்க," என்றார் பாய்லர்காரர்.

"என்னது?" என்றான் வாட்ச்மேன்.

"ஆறை விட்டுட்டு ஏழுக்குப் போயிட்டாங்கப்பா. கதவைத் திற."

"எல்லாரையும் எண்ணிட்டா இருந்தீங்க? பத்து நிமிஷம் பொறுங்க."

"பத்து நிமிஷத்துல அந்தக் காலை நர்ஸ் பொண்ணு வீட்டுக்குப் போயிடும்."

அவன் கையைக் குறுக்கே வைத்தான். அறுபத்தேழு வயசில் அந்தக் கையைத் தள்ளிக்கொண்டு போக முடியாது; கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்புறம் நாலு மணிக்கு அவள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தபோது காலை நர்ஸ் இல்லை. பின்பக்கம் ஊழியர்களுக்கென்று தனிப் படி இருக்கிறதாம். பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மதிய நர்ஸ் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், ஆறாம் கட்டில். காலைல போட்ட மருந்து ஒத்துக்கல. உங்ககிட்ட அந்தப் பொண்ணு சொல்லல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் தலை நிமிராமல், "ஐயா, எல்லாம் ஃபைல்ல இருக்கும். நீங்க போய் அம்மா பக்கத்துல உக்காருங்க" என்றாள். ஆறாம் கட்டில்காரர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் சரியாகக் கைமாறியிருந்தது போல.

அவர் கட்டிலுக்கு வந்து கொக்கியிலிருந்த ஃபைலைத் தானே எடுத்தார். "ஐயோ, அதெல்லாம் தொடக்கூடாதுங்க" என்றாள் மனைவி. மருந்துத் தாளைக் கண்டுபிடித்தார். கட்டம் கட்டமாக இருந்தது. நேற்றைய தேதிக்கு நேரே இங்கிலீஷில் ஏதேதோ எழுதியிருந்தது. கைக்குட்டையை அவிழ்த்துக் குப்பியை எடுத்து, அதிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாளில் தேடினார். மூன்றாவது வரியில் அதே எழுத்துகள் அதே வரிசையில் இருந்தன. அதற்குக் கீழே இன்றைய தேதிக்கு எழுத்தே இல்லை. சின்னதாக இரண்டு கோடு மட்டும் போட்டிருந்தது. மேலே உள்ளபடியே. காலையில் வேலைக்கு வந்ததும் நாள் முழுவதுக்கும் சேர்த்துக் கோடு இழுத்துவிடுவார்கள் போல. அதன் பிறகு நடந்ததை யாரும் வந்து எழுதவில்லை.

அந்த இரண்டு கோட்டை அவருக்குத் தெரியும். அவரும் போட்டிருக்கிறார்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. சைக்கிளில் ஆறு மைல் போக வேண்டும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டம் பாதியில் நின்றது. ஆனால் பாய்லர் ஓடும்போது ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய மட்டம், சாயங்காலக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது. அடிக்குழாயில் அழுக்கு அடைத்திருக்கலாம், திறந்து ஊதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஷிப்ட் ஆள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். எதைச் சொன்னாலும் சிரிக்கிற பயல், அதனால் சிரிப்புக்காரன் என்று பெயர். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க அன்று பொறுமையில்லை. ஷிப்ட் புத்தகத்தில் முந்தின வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்குடா" என்று கையை ஆட்டினார். அவனும் டம்ளரை ஆட்டினான். கண்ணாடியில் பாதித் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே பாய்லர் வறண்டுபோய், ஒரு மணி நேரத்தில் அதன் இரும்புக் குழாய் வெடித்து நெருப்பும் ஆவியும் அடுப்பு வாய் வழியாக அவன் முகத்தில் அடித்தது. ஒரு கண் போயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் குழாய் பழசு என்று எழுதிவிட்டுப் போனார்கள். புத்தகத்திலிருந்த இரண்டு கோட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஃபோர்மேன் மட்டும் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்புக்காரன் இன்றைக்கும் மாதம் ஒரு தரம் வீட்டுக்கு வருகிறான். மனைவியைத் தங்கச்சி என்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மகளுக்கு போன் போட்டார். "அப்பா, அவங்க படிச்சவங்கப்பா," என்றாள் மகள், பின்னால் அவள் ஆபீஸ் இரைச்சல் கேட்டது. "நீங்க பாட்டுக்கு எதையாவது சொல்லி, அவங்க கோவத்துல அம்மாவ கவனிக்காம விட்டுடப் போறாங்க. நான் ஆறு மணிக்கு வந்துடறேன்."

"ஊசி நாலு மணிக்கு."

"அப்பா..."

வைத்துவிட்டார். சுவரிலிருந்த கடிகாரத்தில் மூன்று முப்பத்தஞ்சு. மனைவி தூங்கிப்போயிருந்தாள். வலது கண்ணிமையில் காலையில் எழும்பிய தடிப்பு ஒன்று இன்னும் அமுங்காமல் இருந்தது. டாக்டரைத் தேடிப் போகலாமென்றால் எந்த மாடி என்று தெரியாது; போன நேரத்தில் ட்ரே வந்துவிட்டால்? ஒன்றுக்கு வந்தது. அதற்கும் போகவில்லை. ஸ்டூலைத் தள்ளி, மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டிய கையின் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

நாலடிக்கும்போது ட்ரே வந்தது. முதல் கட்டில், மூன்றாம் கட்டில் என்று போட்டுக்கொண்டே மதிய நர்ஸ் வந்தாள். ஊசியில் மருந்து ஏற்றித் தயாராக இருந்தது. "அம்மா, கைய நீட்டுங்க."

மனைவி நீட்டிய கையைப் பாய்லர்காரர் தன் கையால் மூடினார். பிளாஸ்திரி, குழாய், மூடி எல்லாம் அவர் உள்ளங்கைக்குள் போய்விட்டன.

"கைய எடுங்க ஐயா."

"இது காலைல போட்ட அதே மருந்தா?"

"வலிக்குப் போடறது. எடுங்க, எனக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க."

"போட்டா மூச்சு நின்னுடும். குப்பிய காட்டுங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். சுற்றிலும் எல்லாரும் பார்த்தார்கள். ஏழாம் கட்டில் பெண்மணி தலையணையில் கையூன்றி எழுந்தாள். மனைவி, "விடுங்களேங்க, மானம் போகுது" என்றாள். நர்ஸ் ட்ரேயிலிருந்து குப்பியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பையிலிருந்ததை இடது கையால் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

அவர் குப்பியில் பச்சைக் கோடு. இதில் நீலக் கோடு. அவர் குப்பியில் பெயர் நீளமாக இருந்தது, இதில் குட்டையாக இருந்தது. முதல் எழுத்தே வேறு. மறுபடியும் பார்த்தார். ஒன்று கூடச் சேரவில்லை. காது இரண்டும் சூடாயின. இரண்டு நாளாக அவர் பேசிய பேச்செல்லாம் திரும்ப வந்து அவர் முகத்திலேயே விழுந்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா? வேற மருந்துதான்," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் கூட இல்லை. "கைய எடுங்க."

விரல்கள் தளர்ந்தன. எடுத்துவிட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து என்னவோ பாய்லர் ரூமில் குழாய் மூட்டு ஒழுகாமலிருக்க வைக்கிற கேஸ்கட் ஞாபகம் வந்தது. ஒரே அளவு, ஒரே சரக்கு, நாலு கம்பெனி நாலு பெயரில் நாலு நிற டப்பாவில் விற்பான்.

"சிஸ்டர்," என்றார். குரல் கெஞ்சலாக இறங்கிவிட்டது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வேற கம்பெனியா, வேற மருந்தா? அத மட்டும் சொல்லுங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் கையிலிருந்த பச்சைக் கோட்டுக் குப்பியைப் பார்த்தாள். "அத குடுங்க." வாங்கிக்கொண்டாள். ஊசியை ட்ரேயில் வைத்தாள். இரண்டு குப்பிகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெரிய எழுத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பிறகு இன்னொரு கையால் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள்.

"இறுக்கறீங்க," என்றாள் மனைவி.

"சிரிப்புக்காரன் கண்ணு போச்சே," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அது நான் பண்ணது. கோளாறு தெரியும் எனக்கு. சொல்லாம வந்துட்டேன். மழை வரும் போல இருந்துது."

அவள் அவரைப் பார்த்தாள். தடித்த இமை ஒன்றும் தடிக்காத இமை ஒன்றுமாக வெகுநேரம் பார்த்தாள். கேட்டாளா, மருந்து மயக்கமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "மணி என்ன?" என்றாள்.

"நாலேகால்."

"அஞ்சு மணிக்கு வராரே."

நர்ஸ் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஊர் தூரமாக இருக்கும், இன்னும் பஸ்ஸில் இருப்பாள் அந்தக் காலை நர்ஸ், பைக்குள் போன் கிடக்கும். இவள் முகத்தில் முன்பிருந்த சலிப்பு இல்லை. இருந்தது என்னவென்று படிக்க அவருக்கு எழுத்துப் போதவில்லை. ஆறாம் கட்டில் ஃபைலை எடுத்து, இரண்டு கோடு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் பாத்துக்கறேன். இப்பவாவது கைய எடுங்க."

"நீங்க வைங்க. அப்புறம் எடுக்கறேன்."

"என்னத்த வைக்க?"

"கைய."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு ஃபைலைக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் கையை அவர் கைமேல் வைத்தாள். ரப்பர் உறையின் மாவு வாசனை வந்தது. போனில் மணி நின்று, பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னக் குரல், "சொல்லுங்கக்கா" என்றது.

"ஆறாம் கட்டில்," என்றாள் மதிய நர்ஸ். "காலைல என்ன ஆச்சு? மெதுவா சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

அடியில் மனைவியின் கை, நடுவில் அவர் கை, மேலே உறை போட்ட கை. தலைக்கு மேலே பாட்டிலில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல், கனத்துக்கொண்டே இருந்தது. நர்ஸின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு, பாய்லர்காரர் இன்னும் கையை எடுக்கவில்லை.